அம்மா படித்தால் மகளுக்கு என்ன மாறுகிறது?

4 ஜனவரி 2025: வாசகர் ஒருவரின் கேள்வி

"பெண்கள் படித்தால் போதும், பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு தானாகக் கரைந்துவிடும் என்பது என் கட்சி. பாட்டி கைநாட்டு, அம்மா பத்தாவது, மகள் பட்டதாரி என்று மூன்று தலைமுறையை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டு அவிழ்ந்திருக்கும். தமிழ்நாட்டைப் பார்த்தாலே தெரிகிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?"

5 ஜனவரி 2025

விவாதிக்க இடமிருக்கிறது. என் வீட்டில் அந்த வரிசை நேர்க்கோடாகப் போகவில்லை. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. பாட்டி நாலாம் கிளாசோடு நின்றவர், அம்மா ஆசிரியப் பயிற்சி முடித்துத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவர், நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள், மகள் பொறியியல் படித்துச் சென்னையில் இருக்கிறாள். இந்த நால்வரில், பொம்பளப் பிள்ளை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று மிகக் கறாராகக் கோடு கிழித்தவர் பாட்டி அல்லர், அம்மா. பாட்டி சந்தைக்குத் தனியாகப் போவார், மீன்காரரிடம் விலை பேசுவார், ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் சத்தமாகச் சிரிப்பார். அம்மாவோ பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீட்டுக்கு வருவார், வழியில் யாரோடும் நின்று பேச மாட்டார், எங்களையும் பேச விட மாட்டார். படிப்பு ஒரு படி ஏறிய இடத்தில் கட்டு அவிழவில்லை, இறுகியது.

5 ஜனவரி, இரவு

ஒரு வீட்டை வைத்து ஊரை அளக்கலாமா என்று வாசகர்கள் உடனே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊரையே அளந்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், கணவன் மனைவியை அடிப்பதற்கு ஏழு காரணங்களை அடுக்கி, இவற்றில் எதற்காவது அடிப்பது சரியா என்று கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லாதது, மாமனார் மாமியாரை மதிக்காதது என்று போகிறது அந்தப் பட்டியல். இந்திய அளவில் பெண்களில் 45 சதவீதத்தினர் ஏதாவது ஒன்றுக்காவது 'சரி' என்றார்கள். ஆண்களில் 44. பெண்கள் ஒரு சதவீதம் முந்திக்கொண்டதைக் கவனியுங்கள்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது மாநிலக் கணக்கு. எழுத்தறிவில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் கேரளத்தில் பெண்களில் 52 சதவீதம் 'சரி' என்கிறார்கள், இமாசலப் பிரதேசத்தில் 15 சதவீதம், தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் 84 சதவீதம். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் 'சரி' என்ற பக்கம்தான். படிப்பு ஒன்றே மருந்து என்றால் கேரளமும் இமாசலமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

படிப்பே பயன் தரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாட்டுக் கணக்கில், அதிக ஆண்டுகள் பள்ளியில் இருந்த பெண்களிடையே இந்தச் 'சரி' குறையத்தான் செய்கிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு குறைத்ததைக் காட்டிலும், எந்த மண்ணில் பிறந்தோம் என்பது கூட்டியோ குறைத்தோ வைத்திருப்பது அதிகம்.

7 ஜனவரி 2025

பாட்டி ஏன் அப்படி இருந்தார் என்று கேட்டவருக்கு, சற்று நீளமாக எழுத வேண்டும்.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீடின் மனைவி ஜோஹன்னா மீட் 1819இல் அங்கே பெண்களுக்கு ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து வந்த மார்த்தா மால்ட், 1820களில் அந்தப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு ரேந்தை என்று பெயர். வெளிநாட்டுச் சீமாட்டிகளின் பொழுதுபோக்குக்கான அலங்காரம் அது, ஆனால் இங்கே அது கூலி வேலையானது. அடிமை நிலையில் இருந்த சில பெண்கள் பின்னல் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலைப் பணத்தைக் கட்டினார்கள் என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டு, 1859இல்தான் அரசு அறிவிப்பால் ஓரளவு அதைப் பெற்றார்கள். அப்படிப்பட்ட காலத்தில் கையில் நாலு காசும் கண்ணில் நாலு எழுத்தும் ஒன்றாகக் கிடைத்த பெண்களின் வழியில் வந்தவர் என் பாட்டி.

அவர் பின்னுவதை நான் பார்த்திருக்கிறேன். உருண்டையான கெட்டித் திண்டின் மேல் புள்ளி குத்திய காகிதத்தை வைத்து, ஊசிகளை வரிசையாகக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கோல்களை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போடுவார். கோல்கள் ஒன்றோடொன்று மோதும் 'கடகட' சத்தத்தினூடே, என் தாத்தாவுக்குக் கடன் கொடுத்ததையும் அதை அவர் திருப்பித் தராததையும் அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்வார். படித்தது குறைவு. ஆனால் அந்தப் படிப்பு கையில் காசாக வந்தது, அந்தக் காசை எண்ணியதும் அவரே.

9 ஜனவரி 2025

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது, மிஷன் பள்ளிகளுக்கு நற்சான்று எழுதிக் கொடுத்ததைப் போல ஒலிக்கிறது. அந்தப் பள்ளிகளின் நோக்கம் பெண் விடுதலை மட்டும் அன்று. உபதேசியார்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஏற்ற மனைவிகளை, ஜெபம் சொல்லித்தரத் தெரிந்த, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் தாய்மார்களை உருவாக்குவதும் அவற்றின் வேலை. அடக்கம், அமைதி, துணி மடிப்பு எல்லாம் எழுத்தோடு சேர்ந்தே வந்தன. வயற்காட்டில் ஆணுக்குச் சமமாக இறங்கி வேலை செய்த பெண்ணிடம், நல்ல பெண் வீட்டுக்குள் இருப்பாள் என்று முதலில் சொன்னதே பள்ளிக்கூடம்தான் என்று கூடச் சில ஊர்களைப் பற்றிச் சொல்லலாம்.

ஆகவே முதல் கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். எவ்வளவு படித்தாள் என்பதைவிட, எதற்காகப் படிக்க வைத்தார்கள் என்பதே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது. பாட்டிக்குப் படிப்போடு கூலி வந்தது. அம்மாவுக்குப் படிப்போடு நல்ல பெயர் என்னும் சுமை வந்தது. மகளிடம் இறங்கியது அந்தச் சுமைதான்.

10 ஜனவரி 2025

பாட்டி ஆண்கள் முன்னால் சத்தமாகச் சிரித்தது படிப்பின்மையால் வந்த நாகரிகக் குறைவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடைக்காது. நன்றி.

12 ஜனவரி 2025, ஞாயிறு

மத்தியான நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, சமையல் ஆகிவிட்டதா என்று விசாரித்தார் ஒரு அம்மணி. கல்லூரிப் பேராசிரியராம். அடுப்படியில் என் மகன் நிற்கிறான். இதே இணைய விவாதத்தில் நேற்று மத்தியானம் மூன்று ஆண்கள் எழுதினார்கள், அவர்களிடம் யாரும் விசாரிக்கவில்லை.

14 ஜனவரி 2025

அம்மாவைப் பற்றி.

அம்மாவின் தெருவில் ஆசிரியப் பயிற்சிக்குப் போன முதல் பெண் அவர். போன நாள் முதல் தெருவே அவரைக் கவனித்தது. அவர் தவறினால் அந்தத் தெருவில் அடுத்த பெண்ணுக்குப் பயிற்சிப் பள்ளிக் கதவு திறக்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால் படிப்பு தன்னைக் கெடுக்கவில்லை என்பதைத் தினமும் நிரூபித்துக்கொண்டே இருந்தார். விடியுமுன் எழுந்து சமையல், பள்ளி, திரும்பி வந்து சமையல், பிறகு நோட்டுத் திருத்தம். எங்களிடம் சொல்வார்: "வேலைக்குப் போறவ வீட்டு வேலையில ஒரு குறையும் வைக்கப்பிடாது. வச்சா, படிச்ச திமிருன்னு சொல்லுவாவ." பாட்டியின் வாயில் இந்த வாக்கியம் வந்ததே இல்லை, ஏனென்றால் பாட்டியைப் பார்த்துப் படித்த திமிர் என்று சொல்ல யாருக்கும் வாய்ப்பே இருக்கவில்லை.

இது தனி ஒருவரின் குணம் இல்லை. சகோதரி சுப்பலட்சுமியின் கதையை எண்ணிப் பாருங்கள். 1886இல் பிறந்து, சிறுமியாகவே விதவையாகி, 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தி, அவர்களை ஆசிரியைகளாக வெளியே அனுப்பினார். விதவை என்றால் மூலையில் கிடக்க வேண்டும் என்ற வழக்கத்தையே அவர் உடைத்தார். ஆனால் அந்த விடுதிக்குள் பிராமண ஆசாரங்கள் ஒன்று விடாமல் காக்கப்பட்டன, வேறு சாதிப் பெண்களுக்கு அங்கே இடமில்லை. அப்படி இல்லாவிட்டால் எந்த வீட்டாரும் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள். படிப்பு என்ற ஒரு கதவைத் திறந்து வைக்க, மற்ற ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பேரம் முதல் தலைமுறைக்குத் தேவையாக இருந்தது. சிக்கல் என்னவென்றால், பேரம் பேசியவர்கள் போன பிறகும் விதிகள் போகவில்லை. அம்மாவுக்கு அவை கவசம். எனக்கு அவை வெறும் விதிகளாக வந்து சேர்ந்தன, காரணம் சொல்லப்படாமல்.

18 ஜனவரி 2025

'ஆனால் பாடத்திட்டம் இருபாலருக்கும் ஒன்றுதானே' என்று ஒரு நண்பர். எந்த ஆண்டில்?

நான் படித்தபோது வாரத்தில் தையல் பாடவேளை உண்டு. வெள்ளைத் துணித் துண்டுகளில் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காஜா என்று போட்டு நோட்டில் ஒட்டித் தலைப்பு எழுத வேண்டும். பக்கத்துப் பையன்கள் பள்ளியில் அதே நேரம் தச்சுவேலை நடந்தது. வேடிக்கை என்னவென்றால், ஊரில் தையற்கடை வைத்திருந்த அத்தனை பேரும் ஆண்கள். பாட்டியின் ரேந்தைக்குக் கூலி இருந்தது, என் காஜாவுக்கு மதிப்பெண் இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்ததும் உண்டு.

கல்லூரியில் இதன் பெரிய வடிவம் மனையியல். தில்லியில் 1932இல் அகில இந்திய மகளிர் மாநாட்டின் முயற்சியால் லேடி இர்வின் கல்லூரி வந்தது, கோவையில் 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்தது. ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, நூலிழை அறிவியல் என்று உள்ளே இருந்த பாடம் வெறும் சமையல் அன்று, அதைப் படித்துத் துறைசார்ந்த வேலைக்குப் போனவர்கள் ஏராளம். பெண்ணை வெளியூரில் விடுதியில் சேர்க்கத் தயங்கிய அப்பாக்கள், 'வீட்டுக்கு உதவும் படிப்பு' என்று கேட்டவுடன் கையெழுத்துப் போட்டார்கள். மறுபடியும் அதே பேரம்தான்.

1960களின் தொடக்கத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வேண்டுமா என்று ஆராயக் கல்வியாளர் ஹன்சா மேத்தா தலைமையில் ஒரு குழு அமைந்தது. வேண்டாம், பொதுப் பாடமே போதும் என்றது அந்தக் குழு, பிறகு கோத்தாரி கல்வி ஆணையமும் அதை ஏற்றுக்கொண்டது. அதே ஹன்சா மேத்தா பரோடா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த காலத்தில்தான் அங்கே மனையியல் புலம் தொடங்கியது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பொதுப் பாடம் வேண்டும் என்று முடிவு செய்யும் அளவுக்கு அந்தத் துறையை உள்ளிருந்து பார்த்தவர் அவர்.

22 ஜனவரி 2025

தாயின் படிப்பு மகளுக்கு நன்மை என்பதையே நீங்கள் மறுக்கிறீர்கள் என்று முதல் கேள்வியைக் கேட்டவரே கோபித்துக்கொண்டிருக்கிறார். மறுக்கவில்லை. தாய் படித்திருந்தால் குழந்தை பிழைக்கிறது, தடுப்பூசி தவறாமல் போடப்படுகிறது, மகள் பள்ளியில் நீடிக்கிறாள், கல்யாண வயது தள்ளிப்போகிறது. இவையெல்லாம் நாடு நாடாகத் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டவை. நான் பிரித்துக் காட்ட விரும்புவது இரண்டு கணக்குகளை. மகளின் வாய்ப்பு ஒரு கணக்கு. மகள் தலைக்குள் இருக்கும் 'பெண் என்றால்' என்ற படம் இன்னொரு கணக்கு. முதலாவது ஏறும்போது இரண்டாவது அதே வேகத்தில் இறங்குவதில்லை. சில நேரம் முதலாவதற்குக் கொடுத்த விலையாக இரண்டாவதும் ஏறிவிடுகிறது.

27 ஜனவரி 2025

அரசே இந்தப் பேரத்தில் கலந்துகொண்ட கதை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு.

1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பெண்ணைப் பாதியில் நிறுத்தாதே, நிறுத்தினால் பணம் போய்விடும் என்று பெற்றோருக்குச் சொல்லும் வழி அது. நல்ல நோக்கம், வேலையும் செய்தது. பின்னர் தகுதி பத்தாம் வகுப்பானது, தொகை கூடியது. 2011இல் பத்தாவது படித்தவளுக்கு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் பெற்றவளுக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கம் என்றானது. 2016இல் தங்கம் 8 கிராமானது. பள்ளியில் என்னிடம் மதிப்பெண் பட்டியல் நகலில் கையெழுத்து வாங்க வரும் பழைய மாணவிகள், அதோடு கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்துப் பிடித்தபடி நிற்பார்கள். விண்ணப்பத்துக்கு இரண்டும் வேண்டும். வரலாற்றில் நான் பாராட்டிய பெண்ணின் மதிப்பெண், மஞ்சள் தடவிய பத்திரிகையோடு ஒரே குண்டூசியில் இருக்கும்.

திட்டத்துக்குப் பெயர் கொடுத்தவரை நினைத்தால் இன்னும் வேடிக்கை. தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர் ராமாமிர்தம் அம்மையார், 1938இல் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த இந்தி எதிர்ப்புப் படையிலும் போனவர். பெண்ணுக்கென்று ஊர் எழுதி வைத்த தலையெழுத்தை அழிக்கப் பார்த்தவர். அவர் பெயரில் தாலிக்குத் தங்கம்.

2022இல் அந்தத் திட்டம் உருமாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே. புதுமைப்பெண் என்று எல்லோரும் அழைக்கும் திட்டம் இது. அம்மையாரின் பெயர் அப்படியே இருக்கிறது. கல்யாணம் நடந்தால் பணம் என்ற நிபந்தனை போய், படித்துக்கொண்டிருந்தால் பணம் என்றானது. பெண்கள் கல்வியில் நான் பார்த்த மாற்றங்களில் இதைத்தான் மிகப் பெரியது என்பேன். தொகை சிறியதுதான். ஆனால் எதற்காகப் படிப்பு என்ற கேள்விக்கான பதிலை அது மாற்றி எழுதுகிறது.

28 ஜனவரி 2025

தாலிக்குத் தங்கத்தை நிறுத்தியதால் ஏழைக் குடும்பங்கள் பட்ட பாடு தெரியுமா என்று ஒருவர். தெரியும். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது அடிதான். எங்கள் மாவட்டத்தில் வரதட்சணைக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண் படிக்கப் படிக்க, அவளைவிட ஒரு படி அதிகம் படித்த மாப்பிள்ளை தேட வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளை ஒரு படி ஏறினால் பவுன் பத்துப் பதினைந்து ஏறும். பெண் அரசு வேலையில் இருந்தால் மட்டும் தரகர் குரலில் ஒரு தளர்வு வரும், மாதச் சம்பளம் தவணை முறை வரதட்சணை அல்லவா. மகளைப் படிக்க வைத்த தாய் தன் மகனுக்கு விலை பேசும்போது அதே கணக்கைத்தான் போடுகிறாள்.

9 பிப்ரவரி 2025

நான்காம் தலைமுறைக்கு வருகிறேன், மகளின் அனுமதியோடு.

அவள் கட்டடப் பொறியியல் எடுத்தாள். உறவுக்காரர்கள், பொம்பளப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர்தான் ஏற்றது, ஏசி அறையில் உட்காரலாம் என்றார்கள். வளாக நேர்காணலுக்கு வந்த கட்டுமான நிறுவனம் ஒன்று, சைட்டுக்குப் பெண்களை அனுப்புவதில்லை, வரைபடப் பிரிவில் வேண்டுமானால் சேரலாம் என்றது. சித்தாளாகச் செங்கல் சுமந்து அதே சைட்டில் பெண்கள் நிற்கிறார்கள் என்று அவள் சொன்னாளாம். நேர்காணல் அத்தோடு முடிந்தது. இன்று வேறு நிறுவனத்தில் சைட்டில்தான் இருக்கிறாள்.

இத்தனையும் செய்தவள், தன் மகளின் கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் செயலியைப் போட்டு, டியூஷனுக்குப் போகும் வழியெல்லாம் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மகன் பெரியவன், இரவில் பைக்கில் வருகிறான், அவன் கைப்பேசியில் அது இல்லை. கேட்டதற்கு, "அம்மா, இது கட்டுப்பாடு இல்ல, சேஃப்டி" என்றாள். என் அம்மாவின் 'சொல்லுவாவ' என்ற இடத்தில் என் மகளிடம் 'சேஃப்டி' இருக்கிறது. பயம் பொய்யில்லை, எந்தச் செய்தித்தாளை எடுத்தாலும் அது தெரியும். ஆனால் பைக் விபத்தில் சாகும் பையன்களின் செய்தியும் அதே தாளில்தான் வருகிறது. அந்தப் புள்ளியை யாரும் பார்ப்பதில்லை.

28 பிப்ரவரி 2025

நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் 2024ஆம் ஆண்டு முடிவுகள் இந்த வாரம் வந்திருக்கின்றன. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019இல் இது 299, 97. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்துவிட்டது என்று தலைப்புப் போட்டார்கள். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி அன்று 202 நிமிடம், இன்று 201. மிக்சியும் கேஸ் அடுப்பும் இரு பக்கமும் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம், பங்கீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடையில் கடந்த அந்த ஆண்டுகளில் கல்லூரிக்குள் நுழைந்த பெண்கள் எத்தனை லட்சம் பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

6 மார்ச் 2025

'எல்லாம் இருட்டாகவே சொல்கிறீர்கள், படிப்பால் நினைப்பு மாறிய இடமே இல்லையா?' இருக்கிறது. அரியானாவில்.

பெண் கருக்கொலைக்குப் பெயர்போன அந்த மாநிலத்தில், சோனிபட், ரோத்தக், பானிபட், ஜஜ்ஜர் மாவட்டங்களின் 314 அரசுப் பள்ளிகளை எடுத்து, ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடு பற்றிய வகுப்பை இரண்டரை ஆண்டு நடத்தினார்கள். ஒவ்வொன்றும் 45 நிமிடம். வகுப்பின் மையத்தில் பாடப்புத்தகத்தை வைக்கவில்லை, விவாதத்தை வைத்தார்கள் என்று சொல்லலாம்: வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், ஏன், என்று. பிற்போக்கான நினைப்புகளில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு மாறியது, முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நடத்தை அதிகம் மாறியது பையன்களிடம். வீட்டு வேலையில் கை வைக்கத் தொடங்கினார்கள். பெண்களின் நினைப்பும் மாறியது, ஆனால் நினைத்தபடி நடக்க அவர்களுக்கு வீட்டில் இடமில்லை.

அதே பிள்ளைகளின் பெற்றோரையும் விசாரித்தார்கள். பிள்ளையின் நினைப்பில் அப்பாவின் செல்வாக்கைவிட அம்மாவின் செல்வாக்கு கூடுதல் என்று தெரிந்தது. அம்மா படித்திருக்கிறாளா என்பதோடு, அம்மா எதை நம்புகிறாள் என்பதையும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

8 மார்ச் 2025

மகளிர் தினம். நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, கோலப் போட்டிக்கு நடுவராக.

15 மார்ச் 2025

பாடப்புத்தகப் படங்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 2021 டிசம்பரில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில், மனைவிமார் சுதந்திரம் பெற்றதால்தான் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு போயிற்று என்ற பொருளில் ஒரு பத்தி வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் பத்தியை நீக்கிவிட்டு எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தார்கள். வினாத்தாள் தயாரித்தவர்கள் படிக்காதவர்களா என்ன? 2024இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தபோது நாடே பேசியது. தேங்காய் துருவுவது செய்தியாகிறது என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் படத்தின் சக்தியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தைவிடப் படத்தை முதலில் படிக்கிறது.

23 மார்ச் 2025

பி.எட். படிக்கும் ஒரு பெண், தன் ஆய்வுக்காகப் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையிடம் என்ன கேட்கலாம் என்று எழுதியிருந்தார். ஆணும் பெண்ணும் சமமா என்று மட்டும் கேட்க வேண்டாம் அம்மா. படித்தவர்கள் எல்லோரும் 'ஆம்' என்பார்கள். படிப்பு முதலில் கற்றுத்தருவது சரியான விடையைத்தான். அரியானா ஆய்வில் இதற்காகவே, நல்லபிள்ளைப் பதில் சொல்லும் இயல்பு ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் தனியாக அளந்தார்கள்.

நடப்பைக் கேளுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீர் தீர்ந்தால் யார் எழுவது? மகனும் மகளும் ஒரே நேரம் தாமதமாக வந்தால் முதலில் யாரிடம் கேள்வி? ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியும் என்றால்? சம்பளம் வந்தவுடன் ஏடிஎம் அட்டை யார் சட்டைப்பையில், யார் கைப்பையில்? மருமகள் மகனைவிட அதிகம் சம்பாதிக்கலாமா? கடைசிக் கேள்விக்குப் பட்டதாரி மாமியார்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் படிவத்தில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. அண்ணனுக்கும் அப்பாவுக்கும் கட்டம் போடுங்கள். அவர்கள் அடுத்த அறையில்தான் இருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.